பிரவுன்ஸ்டைன்: இல்லாத ஊரின் மனிதர்கள்

ரொறன்ரோவில் வாழும் என் சகோதரியின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மருமகனும் அவனுடைய நண்பர்கள் நால்வரும் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து ஏதோவொன்றை ஆடத் தொடங்கினார்கள். மேசையில் சீட்டுக்கட்டும் இல்லை. சதுரங்கப் பலகையும் இல்லை. சில கடதாசிகளும் பென்சில்களும் பல முகங்கள் கொண்ட தாயக்கட்டைகளுமே இருந்தன. நண்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மனிதனாகத் தம்மைப் பாவித்துப் பேசினார்கள். மருமகன் நடுவர். அந்த நால்வரும் வழியில் சந்திக்கும் சத்திரக்காரன், படகோட்டி, பாலத்துக் காவலன் அனைவருக்காகவும் அவன் ஒருவனே பேசினான்.

ஆட்டம் முடிந்த பின், கதையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாயா என்று கேட்டேன்.

"கதை ஒண்டும் எழுதேல்லை மாமா. ஆக்களை மட்டும்தான் எழுதி வைச்சிருந்தனான்" என்றான்.

பாலத்துக் காவலனுக்கென அவன் எழுதியிருந்த துண்டுக் கடதாசியை எடுத்துக் காட்டினான். மூன்றே வரிகள். மகளின் திருமணத்துக்குப் பணம் வேண்டும், மேலதிகாரிக்குப் பயம், மறுகரையில் இரவில் நடந்ததைக் கண்டவன். அவ்வளவுதான். அவன் என்ன பேச வேண்டும் என்றோ, அவனுக்கு இறுதியில் என்ன நேர வேண்டும் என்றோ ஒரு சொல்லும் இருக்கவில்லை. கூத்தில் அண்ணாவியாரிடம் ஏடு இருக்கும். இங்கோ ஏடே இல்லாமல் ஒரு கூத்து நடந்தேறியிருந்தது. இந்த விந்தையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இவ்வகை ஆட்டங்களின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்யாவின் இராணுவத்தில் இருக்கிறது. தந்தையான ரைஸ்விட்ஸ் பிரபு வடிவமைத்த போர் ஆட்டத்தை அவருடைய மகனான இளம் பீரங்கிப் படை அதிகாரி செம்மைப்படுத்தி 1824இல் அதன் விதிகளை வெளியிட்டார். 'கிறீக்ஷ்பீல்' என்ற அந்த ஆட்டத்தில் இரு தரப்பினரும் நடுவருக்குக் கட்டளைகளை எழுதிக் கொடுப்பார்கள். களத்தில் உண்மையில் நிற்கும் தளபதிக்கு எவை தெரியவருமோ அவற்றை மட்டுமே நடுவர் அவர்களுக்கு அறிவிப்பார். விளைவுகளைத் தாயக்கட்டைகளும் அட்டவணைகளும் தீர்மானித்தன. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி இன்னும் ஒருபடி முன்சென்று, அனுபவமுள்ள நடுவருக்கு அட்டவணைகள் தேவையில்லை. அவருடைய தீர்ப்பே போதும் என்றார். ஆட்டக்காரர் எதையும் முயன்று பார்க்கலாம், முயற்சி பலிக்குமா என்பதை நடுவர் சொல்வார் என்ற நெறிமுறை இவ்வாறு உருப்பெற்றது. ஆயினும் அந்த ஆட்டத்தில் இருந்தவர்கள் படைவீரர்கள் மட்டுமே. படைகள் கடந்து செல்லும் ஊர்களில் வாழ்ந்த மனிதர்களுக்கு அந்த வரைபடத்தில் குரல் இருக்கவில்லை.

அவர்களுக்குக் குரல் கிடைத்தது 1969இல், ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில். டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் அங்கே போர் ஆட்டப் பிரியர்களின் குழு ஒன்றில் இருந்தார். அமெரிக்க இராணுவ அதிகாரியான சார்ள்ஸ் டொட்டன் 1880இல் வெளியிட்ட 'ஸ்ட்ரட்டகோஸ்' என்ற பழைய போர் ஆட்ட நூலைப் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்து, நடுவரின் அதிகாரம் பற்றிய கருத்தை அதிலிருந்து அவர் பெற்றுக்கொண்டார். இருவருக்கு மேற்பட்டோர் வெவ்வேறு நோக்கங்களுடன் மோதும் ஆட்டங்களைப் பற்றிய சிந்தனைக்கு, ஜே. டி. வில்லியம்ஸ் 1954இல் எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலும் அவருக்குத் துணைநின்றது.

வெஸ்லி வகுத்த களம், நெப்போலியன் காலத்தில் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனையான பிரஷ்ய நகரம். வழக்கம்போல் இரு படைத்தளபதிகள் இருந்தார்கள். ஆனால் எதிர்பார்த்ததிலும் கூடுதலானோர் ஆட வந்ததால் ஒருவரை நகர முதல்வராகவும், ஒருவரை வங்கியாளராகவும், ஒருவரைப் பல்கலைக்கழக வேந்தராகவும் அவர் அமர்த்தினார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம் கொடுக்கப்பட்டது. ஒவ்வொருவராகத் தனியறைக்கு அழைத்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு, ஒழுங்காக நடத்திச் செல்வதே அவருடைய திட்டம்.

திட்டம் ஒரு மணி நேரம்கூட நிலைத்ததாகத் தெரியவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் தமக்குள் பேரம் பேசத் தொடங்கினார்கள். இரகசிய உடன்பாடுகள் முளைத்தன. நடுவருக்குத் தெரியாமலே இருவர் ஒருவரையொருவர் தனிச்சமருக்கு அழைத்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் வெஸ்லியிடம் விதிகளே இருக்கவில்லை. படைகளின் மோதலோ நடைபெறவேயில்லை. எல்லாம் கைமீறிப் போய்விட்டது, ஆட்டம் படுதோல்வி என்ற மனச்சோர்வுடனேயே அவர் அன்றிரவு வீடு திரும்பினார். ஆடியவர்களோ, அடுத்த ஆட்டம் எப்போது என்று அவரைத் துளைத்தெடுத்தார்கள்.

இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுதான். அன்று வெஸ்லி தம்மை அறியாமலே கண்டுபிடித்தது ஓர் எளிய உண்மை. ஒரு மனிதனுக்கு ஒரு விருப்பத்தையும் அதை அடைவதற்கான சிறிது வல்லமையையும் கொடுத்து, அவனுக்குக் குறுக்கே வேறு விருப்பங்களை உடையவர்களை நிறுத்திவிட்டால், கதையை எவரும் எழுத வேண்டியதில்லை. அது தானாக நிகழும்.

வெஸ்லி பின்னர் நடத்திய இன்னோர் ஆட்டத்தின் களம் பனானியா என்ற கற்பனை இலத்தீன் அமெரிக்கக் குடியரசு. அதில் டேவ் ஆர்னெசன் என்ற இளைஞருக்குக் கிடைத்தது, துண்டுப் பிரசுரங்கள் விநியோகிக்கும் மாணவப் புரட்சிக்காரனின் பாத்திரம். அவரோ போலியான சி.ஐ.ஏ. அடையாள அட்டை ஒன்றைத் தாமே தயாரித்துக்கொண்டு வந்து, ஏனைய ஆட்டக்காரர்களை நம்பவைத்து, ஆட்டத்தையே தலைகீழாக்கினார். 1970இல் வெஸ்லி இராணுவ சேவைக்குச் சென்றுவிட, அவர் விட்ட இடத்திலிருந்து ஆர்னெசன் தொடர்ந்தார். 1971இல் அவர் தொடங்கிய 'பிளாக்மூர்' என்ற மாயாஜால உலகமும், விஸ்கொன்சின் மாநிலத்து ஜெனீவா ஏரி நகரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸின் விதிகளும் இணைந்து, 1974 ஜனவரியில் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளிவந்தன. முதற்பதிப்பு 1,000 பிரதிகள்.

பிரவுன்ஸ்டைனில் ஊரவர் அனைவருக்கும் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். புதிய ஆட்டத்தில் சில நாயகர்களை மட்டுமே ஆட்டக்காரர் ஏற்றார்கள். உலகின் ஏனைய மனிதர்கள் அனைவரும் நடுவரின் பொறுப்பானார்கள். ஆட்டக்காரர் அல்லாத பாத்திரங்கள் என்று இவர்களைக் குறிப்பிடுவார்கள். ஒரு தனி மனிதர், ஓர் ஊரின் அத்தனை பேருடைய விருப்பங்களையும் எவ்வாறு நேர்மையாகத் தாங்குவது என்ற கேள்வி அப்போது எழுந்தது.

1974ஆம் ஆண்டு நூல் அதற்குத் தந்த விடைகளில் ஒன்று ஓர் அட்டவணை. எதிர்ப்படுபவனின் மனநிலை நடுவருக்கே தெரியாதபோது இரண்டு தாயக்கட்டைகளை உருட்ட வேண்டும். 2 முதல் 5 வரை விழுந்தால் பகைமை. 6 முதல் 8 வரை தயக்கம். 9 முதல் 12 வரை நல்லெண்ணம். நடுவரும் தம் பாத்திரத்தைக் கண்டு வியப்படைய இது இடமளித்தது. இன்னொரு விடை, கைகாக்ஸ் 1980ஆம் ஆண்டளவில் எழுதிய 'எல்லைப்புறக் கோட்டை' என்ற ஆட்டக் களத்தில் இருந்தது. அங்கே குகைகளில் வாழும் இனங்கள் ஒன்றையொன்று வெறுக்கின்றன. பூதம் ஒன்று, அயற்குகையினர் 250 பொற்காசுகளைக் கொடுத்தால் அவர்களுக்காகச் சண்டைக்கு வரும். காசுக்காகச் சண்டையிடும் பூதத்தை வேறு காசினால் விலக்கவும் முடியும். ஒரேயொரு விருப்பம் கொடுக்கப்பட்டதனால், வெட்டிச் சாய்க்க வேண்டிய மிருகம் பேரம் பேசத்தக்க பேர்வழியாகிவிட்டது.

இந்தப் பாதை 1984இல் திசை மாறியது. டிரேசி ஹிக்மன் முன்னின்று உருவாக்கிய 'டிராகன்லான்ஸ்' தொடர், நாவல்களோடு இணைந்த ஒரு பெருங்கதையை ஆட்டமாக வழங்கியது. வாசகர்கள் அதை விரும்பினார்கள், விற்பனையும் அமோகம். வெறுமனே குகைகளைக் கொள்ளையிட்டு அலுத்தவர்களுக்கு உணர்ச்சிமிகு கதை தேவைப்பட்டது என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் கதை முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டால், அதற்குத் தேவையானவர்கள் இடையில் இறக்க முடியாது. எனவே, பிற்பகுதிக்கு வேண்டிய ஒருவர் இறக்க நேரின், அந்த மரணத்தை ஐயத்துக்கிடமாக்கி, உடல் அகப்படாமற் செய்து, பின்னர் ஏதாவதொரு விளக்கத்துடன் திரும்ப அழைத்துவருமாறு நடுவருக்கு அறிவுறுத்தப்பட்டது. சாக முடியாதவனுக்கு வாழவும் முடியாது. அவன் ஏட்டில் உள்ளதை ஒப்புவிப்பவன். அவனைச் சந்திக்கும் நாயகர்களும் தண்டவாளத்தில் ஏறிய பயணிகள்தாம்.

மீட்சி இப்புத்தாயிரத்தில் வந்தது. டி. வின்சன்ட் பேக்கர் 2004இல் வெளியிட்ட 'டோக்ஸ் இன் த வின்யார்ட்' என்ற ஆட்டத்தில், ஊரூராகச் சென்று நியாயம் தீர்க்கும் இளம் சமயக் காவலர்களே நாயகர்கள். நடுவர் ஓர் ஊரில் எங்கே அகந்தை தொடங்கியது, அது எத்தகைய அநீதியாக வளர்ந்தது என்று படிப்படியாக எழுத வேண்டும். பின்னர், ஊரவர் ஒவ்வொருவரும் வந்திறங்கும் காவலர்களிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று எழுத வேண்டும். தீர்வை மட்டும் எழுதக் கூடாது. 2010இல் வந்த அவருடைய 'அபொகலிப்ஸ் வேர்ல்ட்' இதை மேலும் கூர்மையாக்கியது. தோன்றும் எல்லோருக்கும் பெயர் வை. எவரையும் காப்பாற்ற நினையாதே. நாயகர்கள் தலையிடாவிட்டால் நிலைமை எவ்வாறு படிப்படியாகச் சீர்கெடும் என்பதை மட்டும் ஒரு கடிகார வட்டத்தில் குறித்துக்கொள் என்பன அதன் அறிவுரைகள். 1984ஆம் ஆண்டின் விதிக்கு இது நேர் எதிரானது.

ஏடில்லாமல் ஆட விரும்பும் நடுவர் எதை எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இந்த வரலாறே வழிகாட்டுகிறது. ஒரு பெயர். இன்றைக்கே அவனுக்கு வேண்டிய ஒன்று. அதை அடைய அவனிடமுள்ள பலம். அவன் அறிந்ததும் அறியாததும். ஊரில் அவன் அஞ்சுபவரும் அவனுக்குக் கடன்பட்டவரும். எவரும் குறுக்கிடாவிட்டால் அடுத்த வாரம் அவன் செய்யப்போவது. இவற்றுக்கு ஒரு சிறு கடதாசி போதும். அவன் பேசப்போகும் வசனத்தை எழுதுவது வீண்வேலை. நாயகர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள்.

இதைப் படித்தபோது என் தொழிலின் ஆரம்ப நாட்கள் நினைவுக்கு வந்தன. கிராமமொன்றின் கூட்டுறவுச் சங்கத்தில் தகராறு என்று செய்தி சேகரிக்க அனுப்பப்பட்டேன். பஸ்ஸில் போகும்போதே கட்டுரையை மனதில் எழுதி முடித்துவிட்டேன். தலைவர் சுரண்டுபவர், அங்கத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்கள், தலைப்புக்கூடத் தயார். ஊருக்குப் போய் விசாரித்தால், சங்கக் கடையை மூடாமல் வைத்திருக்கத் தன் காணியை அடகு வைத்தவரே அந்தத் தலைவர் என்பது தெரியவந்தது. அவரை மிக உரத்துத் திட்டியவர் கடையில் மிக அதிகமாகக் கடன் வைத்திருந்தவர். நான் பஸ்ஸில் எழுதிய மனிதர் எவரும் அந்த ஊரில் இல்லை. அதன் பின்னர் எந்த ஊருக்குப் போனாலும், யாருக்கு என்ன வேண்டும் என்று முதலில் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். தலைப்பைக் கடைசியிலேயே எழுதுவேன்.

அன்றிரவு பாலத்துக் காவலனுக்கு என்னதான் நேர்ந்தது என்று மருமகனிடம் கேட்டேன். நண்பர்கள் அவனுக்கு இலஞ்சம் கொடுப்பார்கள் அல்லது அவனை அடித்து வீழ்த்துவார்கள் என்றே அவன் நினைத்திருந்தானாம். அவர்களோ மகளின் திருமணத்துக்குத் தாங்களே சமைத்துத் தருவதாக வாக்களித்துவிட்டார்கள். காவலன் மறுகரையில் கண்டதைச் சொன்னான்.

"அடுத்த கிழமை நான் ஒரு கலியாண வீட்டை ஆயத்தப்படுத்த வேணும், மாமா" என்றான் மருமகன். விருந்துக்கு வருபவர்களின் பெயர்களை அப்போதே எழுதத் தொடங்கியிருந்தான்.