தச்சர் மகளும் கோல்ஃப் மன்றமும்: பேப் ஸஹாரியஸின் வாழ்க்கை

1935 ஏப்ரலில் ஹூஸ்டன் நகரின் ரிவர் ஓக்ஸ் மன்றத்தில் டெக்சாஸ் மாநிலப் பெண்கள் அமெச்சூர் கோல்ஃப் போட்டி நடைபெற்றது. மில்ட்ரெட் டிட்ரிக்சன் என்ற இளம்பெண் அதில் பெயர் கொடுத்ததும் மன்றத்துச் சீமாட்டிகளிடையே முணுமுணுப்பு எழுந்தது. லாரி ஓட்டுநர்களின் மகள்கள் தம் போட்டிக்குத் தேவையில்லை என்று பெக்கி சாண்ட்லர் என்னும் ஆட்டக்காரர் கூறியதாகப் பதிவாகியிருக்கிறது. உண்மையில் மில்ட்ரெட்டின் தந்தை தச்சர், நார்வேயிலிருந்து குடியேறியவர். ஏளனம் செய்தவருக்கு அந்த வேறுபாடு பொருட்டாக இருந்திருக்காது. இறுதியாட்டத்தில் அதே சாண்ட்லரை மில்ட்ரெட் வீழ்த்தினார். சில வாரங்களுக்குள் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அவரைத் தொழில்முறை விளையாட்டு வீரர் என அறிவித்து, அமெச்சூர் போட்டிகளில் ஆடத் தடை விதித்தது.

‘பேப்’ என்று உலகறிந்த இப்பெண்ணின் வரலாறு பெரும்பாலும் இயற்கை அருளிய திறமையின் கதையாகவே சொல்லப்படுகிறது. அதைக் கூலியின் வரலாறாகப் படிப்பதே பொருத்தம். விளையாட்டால் வயிறு வளர்க்க வேண்டிய ஒரு பெண்ணை, விளையாடப் பணம் வாங்கியவள் என்ற ஒரே குற்றச்சாட்டைக் கொண்டு அமைப்புகள் மீண்டும் மீண்டும் வெளியே நிறுத்தின. இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் 1962 வரை நீடித்த ‘ஜென்டில்மேன்’, ‘பிளேயர்’ என்ற பாகுபாட்டை அறிந்தோர்க்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். அமெச்சூர் என்னும் சொல் நேர்மையைக் குறித்ததைவிடச் சொத்தையே அதிகம் குறித்தது.

பேப் 1911இல் டெக்சாஸின் போர்ட் ஆர்தரில் பிறந்து, அருகிலுள்ள போமண்ட்டில் வளர்ந்தவர். பிற்காலத்தில் வயதைச் சில ஆண்டுகள் குறைத்துச் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஆகவே பழைய நூல்களில் காணும் பிறந்த ஆண்டுகளை நம்புவதற்கில்லை. 1930இல் டல்லாஸின் எம்ப்ளாயர்ஸ் கேஷுவால்ட்டி என்ற காப்பீட்டு நிறுவனம் அவரை மாதம் 75 டாலர் ஊதியத்தில் சுருக்கெழுத்தாளராக அமர்த்தியது. தன் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் சேர்ப்பதே நிறுவனத்தின் நோக்கம். விளையாடுவதற்கு ஊதியம் தந்தால் விதிமீறல். தட்டச்சுக்குத் தந்தால் விதிமீறலன்று. பெருமந்தக் காலத்தில் அந்த 75 டாலர் ஒரு குடும்பத்தைத் தாங்கியது.

1932 ஜூலையில் இலினாய்ஸின் எவன்ஸ்டனில் நடந்த தேசியத் தடகளப் போட்டிக்கு நிறுவனம் அவரை ஒற்றை ஆள் அணியாக அனுப்பியது. எட்டுப் போட்டிகளில் கலந்துகொண்ட அவர் ஐந்தில் தனித்தும் உயரம் தாண்டுதலில் ஜீன் ஷைலியுடன் இணைந்தும் முதலிடம் பெற்றார். அணிக்கணக்கில் அவர் ஒருவர் ஈட்டியது 30 புள்ளிகள். இரண்டாமிடம் பெற்ற இலினாய்ஸ் அணியின் 22 பெண்களும் சேர்ந்து ஈட்டியது 22. அதையடுத்து லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம் வென்றார். உயரம் தாண்டுதலில் மீண்டும் ஷைலியுடன் சமநிலை ஏற்பட்டது. ஆனால் தலை முந்திச் செல்லும் அவருடைய தாண்டுமுறை விதிக்குப் புறம்பானது என்று முடிவாகி, வெள்ளியே கிடைத்தது.

அவ்வாண்டு முடிவதற்குள் ஒரு கார் விளம்பரத்தில் அவருடைய பெயரும் படமும் வெளியாயின. தடகளச் சங்கம் அவரை இடைநீக்கம் செய்தது. பின்னர் அத்தடை நீக்கப்பட்டபோதும் அவர் தொழில்முறைக்கு மாறிவிட்டார். கேளிக்கை மேடையில் வாய்ஆர்மோனியம் வாசித்தார். ஊர் ஊராகச் சென்ற ஹவுஸ் ஆஃப் டேவிட் பேஸ்பால் அணியில் பந்து வீசினார். ஒலிம்பிக் வீராங்கனை ஒருவர் சில மாதங்களில் காட்சிப்பொருளாக மாற நேர்ந்ததற்கு அவருடைய பேராசையைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. அன்றைய அமெரிக்காவில் பெண்கள் சம்பளம் பெற்று விளையாடத்தக்க தொழில் எதுவும் இருக்கவில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பால் கேலிகோ போன்ற பத்திரிகையாளர்கள் அவருடைய உடலையும் நடையையும் ஆண்மைத்தனம் என்று எள்ளியதும் இக்காலத்தில்தான்.

கோல்ஃபை அவர் கருதியே தேர்ந்தார். கைகள் புண்ணாகிக் கட்டுப் போட்டுக்கொண்ட பின்னும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான பந்துகளை அடித்துப் பழகினார். 1935இன் தடை அந்த உழைப்பின் பலனைப் பறித்தது. தொழில்முறைப் பெண்களுக்குத் திறந்திருந்த கோல்ஃப் போட்டிகள் அப்போது விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆகவே ஜீன் சாரசன் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரருடன் காட்சி ஆட்டங்கள் ஆடிப் பொருள் ஈட்டினார். 1938 ஜனவரியில் ஆண்களுக்கான லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பனில் பங்கேற்றபோது உடன் ஆடியவர்களுள் ஜார்ஜ் ஸஹாரியஸ் என்ற மல்லரும் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரில் இருவரும் மணந்தனர்.

இத்திருமணத்தின் பொருளாதார முகத்தைக் கவனிக்க வேண்டும். அமெச்சூர் தகுதியைத் திரும்பப் பெற மூன்றாண்டுகள் விளையாட்டின் வழியே ஒரு காசும் ஈட்டாமல் இருக்க வேண்டும் என்பது விதி. கணவரின் வருமானம் இருந்ததால் பேப் அதைக் கடந்தார். 1943இல் தகுதி மீண்டது. தச்சர் மகளாக இருந்தவரை அடைபட்டிருந்த கதவு, வசதியுள்ளவரின் மனைவியானதும் திறந்தது. 1945இல் ஆண்களின் பீனிக்ஸ், டூசான் போட்டிகளை இறுதிவரை ஆடி முடித்தார். 1946இல் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை வென்றார். 1947 ஜூனில் ஸ்காட்லாந்தின் கல்லன் திடலில் பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் பட்டம் வசமாயிற்று. 1893இல் தொடங்கிய அப்போட்டியில் வென்ற முதல் அமெரிக்கர் அவரே. தொடர்ந்து 17 வெற்றிகள் என்று அவர் சொன்ன கணக்கு இன்றும் நூல்களில் வலம்வருகிறது. 1946இல் ஸ்போகேனில் நடந்த முதல் அமெரிக்கப் பெண்கள் ஓப்பனில் கண்ட தோல்வி அக்கணக்கில் விடுபட்டுள்ளது.

இவ்வளவு விலை கொடுத்து மீட்ட தகுதியை 1947 ஆகஸ்டில் தாமே துறந்தார். அடுத்த ஆண்டு ஆண்களின் அமெரிக்க ஓப்பனுக்கு விண்ணப்பித்தார். அது ஆண்களுக்கெனவே அமைந்தது என்று சங்கம் மறுத்தது. 1950இல் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கம் உருவானது. நிறுவிய 13 பேரில் பேப் ஒருவர். பேட்டி பெர்க் முதல் தலைவர். வில்சன் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் பணம் தந்தது. ஆட்டக்காரர்களே ஊர் ஊராகக் கார் ஓட்டிச் சென்றனர், திடலைச் சீரமைத்தனர், விதிகளையும் நிர்வகித்தனர். தோழமை மட்டுமே நிலவியதாக எழுதுவது பொய்யாகும். உடைமாற்றும் அறைக்குள் நுழைந்து, இரண்டாமிடத்துக்கு வரப்போவது யார் என்று கேட்பது பேப்பின் வழக்கம். தமக்கெனத் தனிப் பணமும் கோரினார். அவர்மீது மனத்தாங்கல் கொண்ட பெண்களும், கூட்டம் வருவது அவரால்தான் என்பதை அறிந்திருந்தனர்.

1953 ஏப்ரலில் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டு, வயிற்றில் செயற்கைத் துளையிடும் அறுவைச் சிகிச்சை நடந்தது. நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்ததை மருத்துவர்கள் கணவரிடமும் பெட்டி டாட் என்ற இளம் கோல்ஃப் ஆட்டக்காரரிடமும் கூறினர், பேப்பிடம் மறைத்தனர். டாட் மருத்துவமனை அறையிலேயே கட்டில் போட்டுத் தங்கினார். ஸஹாரியஸ் இல்லத்தில் வாழ்ந்து, அந்தரங்கமான பணிவிடைகளைக் கற்றுச் செய்தவரும் அவர்தான். இவ்வுறவுக்குப் பேப்பும் டாட்டும் பொதுவில் பெயரிடவில்லை. 1995இல் வெளிவந்த சூசன் கேலெஃபின் வாழ்க்கை வரலாறு, பேப்பின் கடைசி ஆண்டுகளில் முதன்மைத் துணையாக இருந்தவர் டாட் என்று வாதிடுகிறது. பேப்பின் 1955ஆம் ஆண்டுத் தன்வரலாறு மணவாழ்க்கையை முன்னிறுத்தும் விதத்தை அறிந்தோர் இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அறுவைச் சிகிச்சைக்குச் சுமார் மூன்றரை மாதங்களில் திடலுக்குத் திரும்பினார். 1954 ஜூலையில் மாசசூசெட்ஸின் சேலம் மன்றத்தில் நடந்த அமெரிக்கப் பெண்கள் ஓப்பனில் இறுதி நாளன்று மட்டும் 36 குழிகள் ஆட வேண்டியிருந்தது. மொத்தம் 291 அடிகளில் முடித்த பேப், 12 அடி வேறுபாட்டில் மூன்றாம் முறையாகப் பட்டம் வென்றார். புற்றுநோய் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய காலத்தில் தம் நோயைப் பற்றி மேடைகளில் பேசினார், நிதியும் திரட்டினார். 1955இல் நோய் மீண்டது. 1956 செப்டம்பர் 27 அன்று கால்வெஸ்டனில் 45ஆம் வயதில் மறைந்தார். குடியரசுத் தலைவர் ஐசனோவர் அன்றைய பத்திரிகையாளர் சந்திப்பை அவருக்கான அஞ்சலியோடு தொடங்கினார்.

அதே செப்டம்பரில் இண்டியானாபொலிஸில் நடந்த அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் போட்டியில் ஆன் கிரெகரி ஆடினார். அச்சங்கத்தின் தேசியப் போட்டியொன்றில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். மூன்றாண்டுகள் கழித்து காங்கிரஷனல் மன்றத்தில் அதே போட்டி நடந்தபோது, திடலில் ஆட அவருக்கு அனுமதி இருந்தது; ஆட்டக்காரர்களுக்கான விருந்துக்கு மன்றத்தின் கட்டடத்துக்குள் நுழைய அனுமதி இருக்கவில்லை.