கஸ்தெலுக்கு எழுதிய கடிதம்: விக்தோர் ஹ்யூகோவின் ஓவியங்களும் ஏழைக் குழந்தைகளின் விருந்தும்

விக்தோர் ஹ்யூகோ ஓவியத்தை வெறும் பொழுதுபோக்காகவே கருதினார் என்ற முடிவு பெரிதும் ஒரே சான்றை நம்பி நிற்கிறது. 1862 அக்டோபர் 5 அன்று கெர்ன்சி தீவிலிருந்து பதிப்பாளர் கஸ்தெலுக்கு அவர் எழுதிய கடிதம்தான் அது. அரைக்கனவில் கழிந்த நேரங்களில், பேனாவில் மிஞ்சிய மையால், கையெழுத்துப்படிகளின் ஓரங்களில் கிறுக்கியவை என்று தம் படங்களைப் பற்றி அதில் சொல்கிறார். முந்தைய ஆய்வுமரபு இதை வாக்குமூலமாக ஏற்றுக்கொண்டது. அப்படி ஏற்க இடமில்லை.

படங்களே இதை மறுக்கின்றன. 1850இல் வரைந்த ‘சிலுவையுள்ள கோட்டை’ ஒரு மீட்டருக்கும் மேல் அகலமானது. எந்தக் கையெழுத்துப்படியின் ஓரத்திலும் அது அடங்காது. 1860 ஏப்ரலில் கவிஞர் போதலேருக்கு எழுதும்போது, மையோடு பென்சில், கரி, செப்பியா, புகைக்கரி என்று தாம் கலக்கும் பொருள்களை ஹ்யூகோவே அடுக்குகிறார். காகிதத்தை வெட்டி அச்சுருவாகப் பயன்படுத்தினார். பின்னல் துணியை மையில் தோய்த்துப் பதித்தார். மைக்கறையைப் பரவவிட்டு அதற்குள் உருவம் தேடினார். எஞ்சியுள்ள படங்கள் ஏறத்தாழ 4,000. மிச்ச மையில் நடக்கிற வேலையா இது?

பிறகு ஏன் அப்படி எழுதினார்? கடிதத்தின் எஞ்சிய பகுதியைப் படித்தால் விடை தெரிகிறது. படங்களைத் தாழ்த்திச் சொன்ன கையோடு, அவற்றைக் கஸ்தெல் தொகுப்பாக வெளியிடத் தாம் சம்மதித்த காரணத்துக்கு வருகிறார். பேச்சு முழுக்க அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த ஆண்டு மார்ச்சில், ‘லே மிஸெராப்ள்’ (தமிழர் ‘ஏழை படும் பாடு’ என்று அறிந்த நாவல்) வெளிவரத் தொடங்கிய அதே நாட்களில், கெர்ன்சியில் அவர் வாழ்ந்த ஓத்வில் இல்லத்தில் வாரம் ஒருமுறை ஏழைக் குழந்தைகளுக்கு விருந்து தொடங்கியது. முதலில் எட்டுப் பேர், பிறகு பதினைந்து, கடிதம் எழுதும்போது இருபத்திரண்டு. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டினர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஐரிஷ்காரர் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். இறைச்சியும் திராட்சைமதுவும் உண்டு. பரிமாறியவர்கள் ஹ்யூகோவும் அவர் குடும்பத்தாரும் பணியாட்களும். தொகுப்பில் தமக்குரிய பங்கை இந்தக் குழந்தைகளுக்கே ஒதுக்கினார். இந்தச் சிறிய ஏற்பாடு மற்ற இடங்களுக்கும் பரவ வேண்டும் என்ற ஆசையையும் வெளிப்படையாகவே எழுதுகிறார்.

ஆகவே அந்தப் பணிவு இருக்குமிடம் ஒரு வேண்டுகோளின் முகப்பு. படங்களைச் சிறியவையாகக் காட்டினால்தான் விருந்து பெரிதாகத் தெரியும். பணமுடை அவரை இதற்குத் தள்ளவில்லை. 1861இல் பதிப்பாளர் லக்ருவாவோடு செய்த ஒப்பந்தம் ‘லே மிஸெராப்ள்’ நாவலுக்கு 3,00,000 பிராங்க் தந்தது. அவருக்கு வேண்டியிருந்தது வாசகரின் கவனம்.

இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. 1854இல் கெர்ன்சியில் தாப்னர் என்பவர் தூக்கிலிடப்பட்டதை ஒட்டி ஹ்யூகோ ஒரு தூக்குமர ஓவியம் வரைந்தார். அமெரிக்காவில் அடிமைமுறையை எதிர்த்த ஜான் பிரவுன் 1859 டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்ட பின், அதே ஓவியம் அவர் பெயரில் அச்சேறியது. செதுக்கியவர் ஹ்யூகோவின் மனைவியின் தங்கையை மணந்த பால் ஷெனே. கஸ்தெல் தொகுப்பைச் செதுக்கியவரும் அவரே. ஓவியத்தைப் பொதுக்காரியத்துக்காக வெளியே அனுப்பும் பழக்கம் 1862க்கு முன்பே ஹ்யூகோவிடம் இருந்தது.

வாழ்நாளில் அவர் தம் படங்களைக் காட்சிக்கு வைக்கவில்லை, பலவற்றை நண்பர்களுக்கே கொடுத்தார் என்பது உண்மை. பாரிஸில் பெருங்கண்காட்சி நடந்தது 1888இல், அவர் மறைந்த பிறகு. இது அவருடைய கூச்சத்துக்குச் சான்றாகலாம், அக்கறையின்மைக்கு ஆகாது. விருந்தே சுயவிளம்பரம் என்ற குற்றச்சாட்டு நெடுநேரம் பேசத் தக்கதல்ல. பின்னாட்களில் பந்தி நாற்பது பேர்வரை வளர்ந்தது; 1883இல் தம் இறுதி விருப்பமாக ஏழைகளுக்கு 50,000 பிராங்க் எழுதிவைத்தவர் அவர்.

ஒரு கடிதத்தைக் கொண்டு ஒருவர் மனத்தை முழுதும் அளந்துவிட முடியாது. இந்த வாசிப்புக்கும் அந்த வரம்பு உண்டு. ஆனால் முதல் பத்தியை மட்டும் வெட்டி எடுத்து, குழந்தைகளைப் பற்றிய பகுதியை விட்டுவிடும் வழக்கம் இனி நிற்க வேண்டும். ஹ்யூகோவின் ஓவியங்களைப் பற்றி எழுதுவோர் கஸ்தெல் கடிதத்தை முழுமையாகவே எடுத்தாள வேண்டும்.