உலையும் உழவும்

மன்னர்தம் வெற்றிகளைக் கல்வெட்டுகள் விரித்துரைக்கின்றன. அவர் நாட்டில் கொழு அடித்த கொல்லரின் வாழ்க்கையை விரித்துரைப்பார் அரியர். ஆயினும், ஊர் வாழ்ந்தது அக்கொல்லரின் கையால் என்பது மிகையன்று. அத்தகையோர் ஒருவரின் வழிவந்தோர் நாம் ஆதலின், எம் குடிவரலாற்றில் ஒரு பகுதியை இம்மலரில் பதிந்து வைக்க விழைகின்றோம்.

எம் பூட்டனார் சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கொல்லராகவும் உழவராகவும் வாழ்ந்தவர். அந்நாடு இரும்புக்குப் பேர்பெற்றது. கஞ்சமலையில் இரும்புத் தாது மிகுதி. கொங்கு நாட்டுக் கொடுமணலில் பண்டைய இரும்புலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அத்தொன்மைத் தொழிலின் கடைசிக் கண்ணிகளுள் ஒருவர் அவர்.

துருத்தி, பட்டடைக் கல், சம்மட்டி, குறடு: இவையே அவர்தம் உடைமை. தேய்ந்த கொழுவைக் காய்ச்சிக் கூராக்குவார். அரிவாளுக்கு அளவறிந்து தோய்ச்சல் கொடுப்பார். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டும் நாளில் ஊரே கூடும். வறட்டி அடுக்கி மூட்டிய தீயில் பழுத்து விரிந்த இரும்பு வளையத்தை மரச் சக்கரத்தின்மேல் இறக்கி நீர் வார்ப்பர். அது குளிர்ந்து சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும்.

இப்பணிகட்கு அன்றாடம் காசு பெறும் வழக்கமில்லை. அறுவடைக் காலத்தில், ஏர் ஒன்றுக்கு இத்தனை வள்ளம் என்று களத்து மேட்டிலேயே தவசம் அளந்து தருவர். ஊர்ப் பணிக்கென விடப்பட்ட மானியக் காணியும் சிறிது உண்டு. மழை பொய்த்தால் உழவர் களம் வறளும். கொல்லர் பங்கும் உடன் வறளும். ஆடியில் மழை விழுந்ததும் ஊரார் கொழுக்கள் யாவும் உலைமுன் குவியும். அவற்றை முடித்த பின்னரே தம் ஏரைப் பூட்டுவார். ஊருக்கெல்லாம் ஏர் திருத்தியவர் நிலம் ஊரிலேயே கடைசியாக உழப்பட்டது என்று எம் இல்லத்து முதியோர் சொல்வர்.

இவ்வாழ்வு சிதைந்ததற்குக் காரணங்கள் பல. 1830இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார், அது நீடிக்கவில்லை. ஆனால் கப்பலில் வந்து குவிந்த சீமை இரும்பு நாட்டு இரும்பை வீழ்த்தியது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்பின் காட்டு விறகும் மரக்கரியும் எளிதில் கிட்டாவாயின. பின்னர்க் கடைகளில் ஆலைக் கருவிகள் வந்தன. தவசக் கூலி காசுக் கூலியாயிற்று. மானியக் காணி கைமாறிற்று, உலையும் அவிந்தது.

எம் பாட்டனார் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். 1907இல் தோன்றிய டாட்டா கம்பெனி 1912இல் சாக்சியில் எஃகு வார்த்தது. அவ்வூர் 1919இல் ஜாம்ஷெட்பூர் என்னும் பெயர் பெற்றது. அங்கே அவர் கூலியாளாகச் சேர்ந்தார். பழுத்த இரும்பின் நிறங்கண்டே பதமறியும் கண் ஒன்றே அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த செல்வம். நிலமும் உலையும் ஒருங்கே காத்த குடி, இவ்வாறு மாதச் சம்பளக் குடியாயிற்று.

1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளில் மானியத்தின் அளவும் தீர்வையும் காணலாம். ஆடி மாதத்து உலையின் வெம்மையையும் களத்து மேட்டில் காத்து நின்ற நெஞ்சின் துடிப்பையும் அவற்றில் காண இயலாது. அவற்றை அறிந்த முதியோர் நம்மிடையே மிகச் சிலரே. சங்கத்து அன்பர்காள்! உங்கள் குடியின் தொழிலையும் அதன் சொற்களையும் அவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். வேற்றுமொழி நாட்டில் பிறந்து வளரும் நம் மக்கட்கு நாம் விட்டுச்செல்லத்தக்க காணி அதுவேயாகும்.