குடிக்காதவரின் செங்கண்மாரி

கனடாவில் வசிக்கும் வாசகி ஒருவர் சென்ற மாதம் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய தந்தையை நானும் அறிவேன். படுவான்கரையில் வயல் செய்தவர். மண்டூரிலிருந்து பாதையேறிக் குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு வந்து போவார். 1990களின் நடுப்பகுதியில் அவருக்குக் கசம் என்று கண்டார்கள். குளிசைகள் கொடுக்கப்பட்டன. இரண்டு மாதம் நிறையுமுன்பே சாப்பாடு வெறுத்தது, சலம் தேநீரின் நிறத்தில் போனது, கண் மஞ்சளானது. எங்கள் ஊர்ப் பேச்சில் செங்கண்மாரி.

மருந்தெடுக்கப் போன இடத்தில், “குடியை விடாமல் குளிசை போட்டால் இப்படித்தான்” என்று பலர் முன்னிலையில் சொல்லிவிட்டார்கள். அவரோ கள்ளைத் தொட்டுமறியாதவர். அந்த வெட்கத்தில் பின்னர் அந்தப் பக்கமே போகவில்லை. கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தார். குளிசையை நிறுத்தியதால் ஈரல் தேறியது. நிறுத்திய அதே காரணத்தால் கசம் திரும்பியது. ஓராண்டுக்குள் போய்விட்டார்.

மகளின் கேள்வி ஒரு வரிதான்: “அப்பா குடிக்கவில்லை. பிறகு ஏன்?”

நான் வைத்தியன் அல்லன். கலைப்பட்டம் பெற்றுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். எனினும் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான அத்தியாயம் ஒரு தமிழ் நகரத்தில் எழுதப்பட்டது. அதையாவது சொல்லலாம் என்று தோன்றியது.

ஐசோனியசிட் என்னும் மருந்து 1912 இலேயே பிராக் நகரில் இரு இரசாயனவியலாளரால் ஆக்கப்பட்டது. அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்பது தெரிய நாற்பது ஆண்டுகள் சென்றன. 1952 இல் அது பாவனைக்கு வந்தபோது உலகமே கொண்டாடியது. மலிவு, வாயால் விழுங்கலாம், பலன் உறுதி. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே ஒரு விசித்திரம் கண்ணிற்பட்டது. ஒரே அளவு குளிசையை விழுங்கிய இருவரில், ஒருவரின் குருதியில் மருந்து ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்துக்குள்ளாகவே பாதியாகிவிடுகிறது; மற்றவரில் இரண்டு முதல் ஐந்து மணிநேரம் வரை செல்கிறது. ஈரலிலுள்ள ஒரு நொதியம் ஐசோனியசிட்டின்மீது அசெற்றைல் என்னும் சிறு கூறை ஏற்றி அதைச் செயலிழக்கச் செய்கிறது. அந்த நொதியம் சிலரில் விரைவு, சிலரில் மெது. இது பிறப்போடு வருவது என்பதை 1960 இல் இவான்ஸ், மான்லி, மக்கியூசிக் ஆகிய மூவர் குடும்பம் குடும்பமாகச் சோதித்துக் காட்டினர். தாய் வழியிலும் தந்தை வழியிலும் மெதுவான அலகே வந்து சேர்ந்தால்தான் ஒருவர் மெதுவானவராவார்.

ஜப்பானியரில் இத்தகையோர் பத்தில் ஒருவரளவே. ஐரோப்பியரில் ஏறக்குறையப் பாதிப்பேர். தென்னிந்தியரில் நூற்றுக்கு அறுபது பேரளவில் மெதுவானவர்கள்.

இந்த அறுபதைக் கண்டறிய வாய்ப்பாக அமைந்தது சென்னை சேத்துப்பட்டில் 1956 இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நிறுவியது அது. வாலஸ் பொக்ஸ் என்பவர் அதன் முதல் தலைவர். நெருக்கமான குடிசைகளில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, வீட்டிலிருந்தபடியே மருந்தெடுத்தாலும் நோயாளர் சனற்றோரியத்தில் கிடந்தவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள் என்று 1959 இல் அது வெளியிட்ட முடிவு, உலகெங்கும் சனற்றோரியங்களின் கதவுகளை மூடவைத்தது. அந்தக் கதையைத் தனியே எழுதவேண்டும்.

வீட்டுச் சிகிச்சையின் வெற்றியைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதே மையம் நோயாளரின் சலத்தையும் குருதியையும் அளந்து, யார் விரைவு, யார் மெது என்று பிரித்துப் பதிந்துவைத்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஐசோனியசிட்டைக் கூடிய அளவில் கொடுத்தபோது சிலருக்குக் கால் விறைத்து, பாதம் எரிந்தது. அவர்களிற் பெரும்பாலோர் மெதுவானவர்கள் என்பதை 1960 இல் தேவதத்தா, கங்காதரம், ராமகிருஷ்ணன், வேலு முதலியோர் பொக்ஸுடன் சேர்ந்து எழுதினர். விற்றமின் பி6 கொடுத்தால் அந்த எரிவைத் தடுக்கலாம் என்பதும் தெளிவாயிற்று.

ஈரலின் கதை வொஷிங்டனில் தொடங்குகிறது. 1970 இல் அமெரிக்கக் காங்கிரஸ் வளாக ஊழியரிடையே காசநோய் தலைகாட்டவே, தோற்சோதனையில் தொற்றுத் தெரிந்த 2321 பேருக்குத் தடுப்பாக ஐசோனியசிட் கொடுத்தார்கள். 19 பேருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டது, இருவர் இறந்தனர். நோயே இல்லாதவர்கள் மருந்தால் மாண்டார்கள் என்பதால் பெரும் பரபரப்பு. 1975 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஒரு விளக்கம் தந்தனர். அசெற்றைல் ஏறிய ஐசோனியசிட் உடைந்து பிறக்கும் பொருளே ஈரலைச் சுடுகிறது. எனவே விரைவாக மாற்றுகிறவர்களுக்கே ஆபத்து என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது.

அந்த நியாயத்தை உரைத்துப் பார்க்கும் கல் சென்னையில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் பதிந்துவைத்த ஏடுகளைப் புரட்டி, 3000 தென்னிந்திய நோயாளரின் கணக்கைக் குருமூர்த்தியும் சகாக்களும் 1984 இல் வெளியிட்டனர். விரைவானவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதற்கு எந்தச் சான்றும் அதில் இல்லை. காரணமும் பின்னர் விளங்கிற்று. ஈரலைச் சுடும் பொருளை உண்டாக்குவதில் கைகொடுக்கும் அதே நொதியம், அப்பொருளின்மீது இன்னொரு முறை அசெற்றைல் ஏற்றி அதைத் தீங்கற்றதாகவும் ஆக்கிவிடுகிறது. விரைவானவரில் உண்டாவதும் விரைவு, அழிவதும் விரைவு. மெதுவானவரில்தான் அது தேங்கி நிற்கிறது.

அதற்குள் றிபாம்பிசின் என்னும் புதிய மருந்தும் ஐசோனியசிட்டோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டு வந்தது. இரண்டும் சேரும்போது ஐசோனியசிட்டிலிருந்து ஐதரசீன் என்னும் நச்சுப்பொருள் கூடுதலாகப் பிரிகிறது என்றும், மெதுவானவர்களில் அது இன்னும் மிகுதி என்றும் ரகுபதி சர்மா, இம்மானுவேல் முதலியோர் 1986 இல் சென்னையிலிருந்தே எழுதினர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகி, வேறொருவர் கூண்டிலேறியது போன்ற நிலை.

இடையில் எங்கள் நாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வெலிசற மார்பு நோய் வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்தியர் ஊறகொட, ஐசோனியசிட் எடுப்போர் சிலருக்குச் சூரை இன மீன் தின்றவுடன் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடப்பதை 1977 இல் எழுதினார். பழுதடையத் தொடங்கிய மீனிலுள்ள இஸ்ரமினை அழிக்கும் நொதியத்தை இந்த மருந்து தடுத்துவிடுவதே காரணம். இது ஈரலைச் சார்ந்ததுமல்ல, பரம்பரையைச் சார்ந்ததுமல்ல. ஆயினும் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எமது ஊரில், “குளிசை ஒத்துக்கொள்ளவில்லை” என்று ஒருவர் சொன்னால், அன்று என்ன மீன் வாங்கினார் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் நினைவிற் கொள்ளத்தக்க அவதானிப்பு அது.

1990களின் தொடக்கத்தில் மெதுவுக்கும் விரைவுக்கும் காரணமான அலகு எட்டாவது நிறமூர்த்தத்தில் கண்டறியப்பட்டது. என்ஏரி2 என்பது அதன் பெயர். 2002 இல் தாய்வானில் 224 காசநோயாளரைப் பரிசோதித்தபோது, மெதுவானவர்களில் 26.4 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 11.1 சதவீதத்தினருக்கும் மருந்தால் ஈரல் பாதிக்கப்பட்டிருந்தது. 2013 இல் வெளியான ஜப்பானிய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மெதுவானவர்களுக்கு ஐசோனியசிட்டைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தபோது ஒருவருக்கேனும் ஈரல் பாதிக்கவில்லை. வழமையான அளவை எடுத்த மெதுவானவர்களில் நாலில் மூன்று பங்கினருக்கு மேல் பாதிப்பு.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் பரம்பரையின் தலையில் கட்டிவிட முடியாது. எங்களில் அறுபது பேர் மெதுவானவர்கள் என்றால், அவர்களிற் பெரும்பாலோர் ஆறுமாத மருந்தையும் விழுங்கிச் சுகமாக வீடு திரும்புகிறார்கள். 2002 இல் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் சர்மாவும் சகாக்களும் செய்த ஆய்வு நோயெதிர்ப்போடு தொடர்புடைய வேறு இரண்டு பரம்பரை அலகுகளைச் சுட்டியது. கூடவே முதுமை, முற்றிய நோய், குருதியில் அல்புமின் குறைவு ஆகியவற்றையும் சுட்டியது. அல்புமின் குறைவு என்பது பெரும்பாலும் பட்டினியின் வைத்தியப் பெயர். 1990களின் படுவான்கரையில் அது யாருக்குத்தான் இல்லாமலிருந்தது? பைரசினமைட் என்ற இன்னொரு குளிசையும் ஈரலைத் தாக்கக்கூடியது. அவருடைய பொட்டலத்தில் அதுவும் இருந்திருக்கும்.

கண் மஞ்சளானால் மருந்துகளை நிறுத்தி, ஈரல் தேறியபின் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கிப் பார்ப்பதே முறை. அதற்கு நோயாளி திரும்பி வரவேண்டும். அவரைத் திரும்பி வரவிடாமற் செய்தது ஒரு சொல்.

மகளுக்கு இவற்றையெல்லாம் எழுதினேன். தந்தையின் குருதி எங்கும் சேமித்து வைக்கப்படவில்லை. ஆகவே அவர் மெதுவானவரா என்று எவராலும் சொல்லமுடியாது என்றும், ஒருவேளை அவர் அப்படியிருந்தால் அந்த அலகில் ஒன்று கட்டாயம் உங்களிடமும் இருக்கும் என்றும் சேர்த்திருந்தேன். மறுநாளே பதில் வந்தது. தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அப்பா குடிக்கிறவர் இல்லை என்பதை மட்டும் நாலுபேர் படிக்கிற இடத்தில் எழுதிவிடுங்கோ அண்ணா” என்றிருந்தது.

எழுதிவிட்டேன், தங்கச்சி.