டிப்பா, செபரேட்டா?

பெங்களூரில் பல சிற்றுண்டிச்சாலைகளில் இட்லி-வடை என்று சொன்னவுடன் ஓர் எதிர்க்கேள்வி வரும்: "டிப்பா, செபரேட்டா?" வெளியூரிலிருந்து வரும் நம் அங்கத்தினர்கள் சிலர் இதைக் கேட்டு விழிப்பதுண்டு. 'டிப்' என்றால் ஆழமான கிண்ணத்தில் இட்லியையும் வடையையும் போட்டு, சாம்பாரை ஊற்றி முழுக்காட்டிக் கொண்டுவந்து வைப்பார்கள். 'செபரேட்' என்றால் இட்லி தட்டில், சாம்பார் தனிக் கிண்ணத்தில். கேள்வி சின்னதுதான். ஆனால் 'டிப்' கட்சிக்காரருக்குத் தவறிப்போய் 'செபரேட்' வந்துவிட்டால் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும்!

சாப்பிடும் விதத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. என்னுடன் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர், சௌசௌ பாத் வந்ததும் காரா பாத்துக்கும் கேசரி பாத்துக்கும் நடுவில் ஸ்பூனால் ஒரு கோடு இழுப்பார். காரம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் கோட்டைத் தாண்டுவார். எதிரே உட்காருபவர் ஒரு வாய் காரம், ஒரு வாய் இனிப்பு என்று மாற்றி மாற்றிப் போடுவார். இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிட்ட ஒருவரும் இருந்தார். அவர் பக்கத்தில் உட்கார யாரும் விரும்புவதில்லை. இவற்றையெல்லாம் தனிமனிதக் கிறுக்கு என்று சொல்லிச் சிரித்துவிடுகிறோம். பெரும்பாலானவை அப்படியல்ல என்பது என் எண்ணம். எந்தப் பாத்திரத்தில் சாப்பிட்டோம், யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்ற பழைய சரித்திரம் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் வாழை இலையை எடுத்துக்கொள்வோம். இலைக்கு விளிம்பு கிடையாது. நடுநரம்பிலிருந்து இருபுறமும் சரிவு வேறு. ரசம் ஊற்றினால் ஓடும், ஓடினால் மடியில் விழும். அதனால்தான் சாதத்தைக் குவித்து நடுவில் குழி பறித்து, அதில் ரசத்தை வாங்கி, கரை உடையாமல் உள்ளிருந்து பிசைந்துகொண்டு வரும் வித்தை ஏற்பட்டது. சின்ன வயதில் இதைக் கற்றுக்கொள்ளாமல் பந்தியில் உட்கார முடியாது. பிறகு எவர்சில்வர் தட்டு வந்தது. தட்டுக்கு உயர்ந்த விளிம்பு இருக்கிறது, ரசம் எங்கும் ஓடப்போவதில்லை. ஆனாலும் எழுபது வயதுக்காரர் ஒருவர் தட்டின் முன் உட்கார்ந்தால் கை தானாகக் குழி பறிக்கிறது. அவர் பேரன் அதைப் பார்த்து "தாத்தா டேம் கட்டுகிறார்" என்று சிரிக்கிறான். இலை போய்விட்டது, அணைக்கட்டு மட்டும் நிற்கிறது.

தம்ளரைத் தூக்கிக் குடிப்பதும் இப்படித்தான். உதடு பட்டால் எச்சில். பட்ட பாத்திரம் மற்றவருக்கு ஆகாது. தம்ளரின் வாய் வெளிப்பக்கம் மடிந்திருப்பதால் தூக்கி ஊற்றிக்கொள்ளும்போது தாரை கட்டுப்பட்டு விழுகிறது. இது தண்ணீருக்குச் சரி. கொதிக்கிற காப்பி வந்தபோது என்ன செய்வது? காப்பி நம் வீடுகளில் நிலைபெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். தூக்கி ஊற்றிக்கொள்ள வேண்டுமானால் முதலில் ஆற்றவேண்டும். தம்ளருக்கும் டபராவுக்கும் இடையே நீளமாக ஊற்றும்போது காப்பியின் பரப்பு அதிகமாகிறது, ஆவியாதல் கூடுகிறது, ஆவி போகும்போது உள்ளுறை வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. பௌதிகம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இன்று வீட்டில் அவரவர் தம்ளர் அவரவருக்கு, சோப்புப் போட்டுத் தேய்க்கிறோம். ஆனாலும் பலர் தூக்கித்தான் குடிக்கிறார்கள்.

எச்சில் என்ற சொல்லுக்குக் கன்னடத்தில் எஞ்சலு. 'எஞ்சுதல்' என்ற நம் சொல்லோடு சேர்த்துப் பார்த்தால் உறவு புரியும். நாம் 'பத்து' என்பதை இங்கே 'முசுரே' என்கிறார்கள். சாதம் தொட்ட கையால் தயிரையும் நெய்யையும் தொடாமல் இருப்பது இரண்டு வீடுகளிலும் ஒன்றுதான்.

வேறுபாடு வருவது வரிசையில். நமக்குப் பருப்பு, சாம்பார், பிறகு ரசம், கடைசியில் மோர். கர்நாடகத்தில், குறிப்பாக உடுப்பி முறையில், முதலில் சாரு, அதற்குப் பிறகுதான் ஹுளி. அதாவது நம் ரசம் அங்கே முன்னால் வந்துவிடுகிறது. பெங்களூரில் தமிழ்க் குடும்பமும் கன்னடக் குடும்பமும் சம்பந்தம் செய்துகொள்ளும் கல்யாணங்களில் இதனால் ஏற்படும் குழப்பம் வேடிக்கையாக இருக்கும். சாரு வந்ததும் நம்மவர்கள் "சாம்பார் தீர்ந்துவிட்டதா?" என்று சமையல்கட்டுப் பக்கம் கவலையுடன் எட்டிப் பார்ப்பார்கள். சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

மோர்சாதம் கடைசியில் ஏன் என்பதற்கு விஞ்ஞானக் காரணம் சொல்பவர்கள் உண்டு. மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான காப்சாய்சின் தண்ணீரில் கரையாது. பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு நாக்கிலிருந்து அகற்றுகிறது. இது உண்மையே. ஆனால் "ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள்" என்று அடுத்த வாக்கியம் வரும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு போர்ச்சுகீசியர் வழியாகத்தான் நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் காரம் மிளகுதான். முன்னோரைப் புகழ எத்தனையோ நல்ல காரணங்கள் இருக்கின்றன, இது அதில் சேராது.

இனி ஓட்டலுக்கு வருவோம். வெளியே சாப்பிடுவது ஆசாரமானவர்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்த காலம் அது. சமைத்தவர் யார், பரிமாறுபவர் யார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் கை நனைக்க மாட்டார்கள். அதனால்தான் 1924இல் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மய்யா சகோதரர்கள் பெங்களூர் லால்பாக் கோட்டை சாலையில் தொடங்கிய சிறிய கடைக்கு 'பிராமின் காபி கிளப்' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் எம்.டி.ஆர். என்று உலகம் அறிந்த மாவள்ளி டிபன் ரூம்ஸ் அதுதான்.

அதே 1924இல் தமிழ்நாட்டில் சேரன்மாதேவி குருகுல விவகாரம் வெடித்தது. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலத்தில், பெற்றோரின் விருப்பத்துக்காக இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பிட இடம் கொடுக்கப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் எதிர்த்தார்கள். காங்கிரஸ் இரண்டுபட்டது. காந்திஜி வரை விஷயம் போயிற்று. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். தேசத்துக்காக அத்தனை தியாகம் செய்தவரின் கடைசி நாட்களைக் கசப்பாக்கியது இரண்டு சிறுவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்ற விஷயம். நம் பத்திரிகைகளில் இதைச் சொல்லாமல் தாண்டிப்போவது வழக்கம். ஆனால் எச்சில், பந்தி, திருஷ்டி என்ற சொற்களின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். நமக்கு ஆசாரமாகத் தெரிந்தது, தனியே உட்காரவைக்கப்பட்டவருக்கு அவமானமாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே பந்தியில் நடந்தவை.

1950இல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தபோது, 15ஆம் ஷரத்து பொது உணவு விடுதிகளில் ஜாதி காரணமாக யாரையும் தடுக்கக்கூடாது என்றது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச்சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். பெங்களூரில் அதைப்போன்ற சத்தமில்லை. 1960இல் பிராமின் காபி கிளப் இப்போதைய லால்பாக் சாலைக் கட்டடத்துக்கு மாறியபோது பெயரும் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்று மாறிவிட்டது.

அதற்கு முன் நடந்த ஒன்று இன்னும் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. யக்ஞநாராயண மய்யா 1951இல் ஐரோப்பா போய் அங்கே உணவு விடுதிகள் நடக்கும் முறையைப் பார்த்து வந்தார். திரும்பி வந்து பாத்திரங்களை நீராவியில் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தார். 'யார் வாய் பட்டது?' என்பதுதான் எச்சிலின் கேள்வி. நீராவிக்கு அந்தக் கேள்வியே தெரியாது; யார் வாய் பட்டிருந்தாலும் கிருமி போய்விடும். தட்டு சுத்தமா என்பதற்கு ஜாதியைக் கேட்க வேண்டிய அவசியம் அந்த ஒரு குழாயில் போய்விட்டது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அரிசித் தட்டுப்பாட்டின்போது ரவா இட்லி பிறந்ததும் இங்கேதான். அதற்குத் துணை சாகு, சட்னி, சின்னக் கிண்ணத்தில் நெய். அந்த நெய்யை மொத்தமாகக் கவிழ்ப்பவர்கள், தொட்டுத்தொட்டுத் தீர்ப்பவர்கள் என்று அங்கேயும் இரண்டு கட்சி.

வேடிக்கை என்னவென்றால், ஓர் இடத்தில் 1960இல் போன பெயர் பக்கத்திலேயே 1965இல் வந்தது. சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பார் அந்த ஆண்டுதான் தொடங்கியது. இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், காப்பி, டீ என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டியல். சாம்பார் கிடையாது. சட்னியை வேண்டுமட்டும் ஊற்றுகிறார்கள், இட்லி அதிலேயே மிதக்கும். காலையில் போனால் நடைபாதையில் நின்றுகொண்டு தோளோடு தோள் இடித்துக்கொண்டு எல்லோரும் சாப்பிடுகிறார்கள். யார் என்ன ஜாதி என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் நேரமில்லை. சட்னி ஊற்றுபவரின் கவனத்தைக் கவர்வதுதான் அங்கே ஒரே கவலை.

நின்றுகொண்டு சாப்பிடுவதை ஒரு நகரத்தின் வழக்கமாகவே மாற்றியது 1983இல் ஜெயநகரில் வந்த கபே தர்ஷிணி. அதைப் பார்த்து ஊர் முழுவதும் தர்ஷிணிகள் முளைத்தன. மார்பளவு உயர மேஜை, நாமே போய் வாங்கிக்கொள்ள வேண்டும், பத்து நிமிஷத்தில் வேலை முடியும், விலையும் குறைவு. "நின்றுகொண்டு சாப்பிட்டால் தரித்திரம்" என்று சொல்லி வளர்க்கப்பட்ட என் தலைமுறைக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. முழங்கால் வலி வந்த பிறகு, தரையில் உட்கார்ந்து எழுவதைவிட இது தேவலை என்று பலர் மனம் மாறிவிட்டார்கள்! மும்பை அங்கத்தினர்கள் இன்றும் மாதுங்காவில் 1942இல் தொடங்கிய ராம நாயக் உடுப்பியில் உட்கார்ந்து இலையில் சாப்பிடலாம். அந்த விஷயத்தில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஸ்பூனைப் பற்றி ஒரு வார்த்தை. இட்லியை ஸ்பூனால் வெட்டுவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்காக: தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர் இத்தாலியில் முள்கரண்டியைப் பார்த்துவிட்டு வந்து 1611இல் அதைப்பற்றி எழுதினார். தானும் அப்படியே சாப்பிட ஆரம்பித்தார். அவருடைய நண்பர்களே அவரைக் கேலி செய்தார்கள். கடவுள் கொடுத்த விரலிருக்க இதென்ன கருவி என்று ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது 'டிப்பா, செபரேட்டா' என்ற கேள்விக்கு என் விடை. இலையில் 'டிப்' சாத்தியமே இல்லை. அதற்கு ஆழமான கிண்ணமும் ஸ்பூனும் வேண்டும். ஆகவே செபரேட் கட்சிக்காரர்கள் இலையின் வாரிசுகள், டிப் கட்சிக்காரர்கள் கிண்ணத்தின் வாரிசுகள். சென்னை திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லிமேல் தாராளமாகச் சாம்பார் ஊற்றுவதை அறிந்தவர்கள், இந்தக் கிண்ண வம்சம் பெங்களூரோடு நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள். தோசையை யாரும் 'டிப்' கேட்பதில்லை. அது இன்னும் கையோடும் தட்டோடும்தான் இருக்கிறது.

எச்சில் முழுவதும் போய்விட்டதா என்றால், 'பை-டூ'வைப் பாருங்கள். ஒரு காப்பிக்குக் காசு கொடுத்து இரண்டு பேர் குடிப்பது பெங்களூரின் பழைய வழக்கம். கடைக்காரர் முணுமுணுக்காமல் ஒன்றை இரண்டு தம்ளரில் பிரித்துக் கொண்டுவருவார். சிக்கனம் என்று இதைச் சொல்வார்கள். அதைவிட, ஒருவர் குடித்த மீதியை மற்றவர் குடிக்காமலேயே பங்குபோட்டுக்கொள்ள இது வழி செய்கிறது. பழைய விதிக்கும் பங்கமில்லை, கூட வருபவர் யாராக இருந்தாலும் தடையில்லை. இப்போதெல்லாம் சூப்புக்கும் பை-டூ கேட்கிறார்கள். அதையும் இரண்டு கிண்ணத்தில்தான் கொண்டுவருகிறார்கள்.