பொருத்தம் பார்த்த இரும்பு

பொருத்தம் பார்ப்பதில் நம்மவருக்கு நிகர் நம்மவரே. நட்சத்திரம் கூடவில்லையென்றால் நல்ல பிள்ளையையும் தள்ளிவிடுவோம். இரும்புக்கும் அவ்வாறு பொருத்தம் பார்த்த காலம் ஒன்றுண்டு. ஆனால் அதற்குப் பஞ்சாங்கம் உதவாது. அளவுக்கட்டை ஒன்றே அங்கே சோதிடன். பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் புழங்கிய இருவகைத் துப்பாக்கிகளின் வரலாற்றை அந்தக் கண்கொண்டு நாம் காண முயல்வோம்.

துப்பாக்கிக் குழலின் பின்வாயை அடைத்து நிற்பது போல்ட்டு. அதனுள்ளே ஓடுவது ஊசி. விசையை இழுத்தவுடன் ஊசியின் முனை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வெளியே நீண்டு, தோட்டாவின் அடியிலுள்ள கேப்பைக் குத்துகிறது. குறைவாக நீண்டால் வெடிக்காது. மிகையாக நீண்டால் கேப்பு துளைபட்டு, அனல்வாயு சுடுபவன் முகத்தை நோக்கித் திரும்பும். போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையே வெளி மிகுந்தாலோ, பித்தளைக் கூடு நீண்டு கிழியும். ஆகவே எதிரியைக் கொல்லச் செய்த கருவி, பொருத்தம் தவறினால் உடையவனையே பதம்பார்க்கும்.

பிரிட்டிஷாரின் ‘.303 லீ-என்பீல்ட்’ துப்பாக்கியில் இப்பொருத்தத்தை ஆயுதக் கம்மியன் ஒவ்வொன்றாகச் சோதித்தான். வெளியின் அளவு அங்குலத்தின் ஆயிரத்தில் 64 பங்குக்குக் குறையலாகாது. 74 பங்கை மீறலாகாது. இந்தப் பத்துப் பங்குக்குள் அமைய, நான்காம் எண் லீ-என்பீல்டுக்கு 0 முதல் 3 வரை நால்வகைப் போல்ட்டுத் தலைகள் இருந்தன. ஒன்று சேராவிடில் அடுத்தது. சேர்ந்தபின் துப்பாக்கியின் எண்ணையே போல்ட்டின் மேலும் பொறித்தார்கள். தாலி கட்டியதற்கு ஒப்பு! எண் மாறிய போல்ட்டைச் சோதிக்காமல் நம்புவதற்கில்லை. அன்றியும், போல்ட்டைக் கழற்றி வேறிடத்தில் பூட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் கட்டையும் குழலும். ஆளுவோனுக்கு இது எத்துணை வசதி!

ஆளுவோன் அவ்வசதியை விரும்பியதற்குக் காரணமுண்டு. 1857இன் கிளர்ச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளைச் சிப்பாயினுடையதைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியே தரப்பட்டது. வெள்ளையன் மார்ட்டினி-ஹென்றியை ஏந்திய நாளில் நம்மவன் தோளில் பழைய ஸ்னைடர் தொங்கியது. இது படையில். தோட்டத்து லயத்திலிருந்த தமிழனுக்கோ பழையதுமில்லை, புதியதுமில்லை. அவன் கையில் பால்வெட்டுக் கத்தி மட்டுமே.

இரண்டாவது துப்பாக்கி அமெரிக்கர் 1941இல் ஏற்ற ‘எம் 1 கார்பைன்’. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் வாயுவின் விசையால் போல்ட்டு தானே பின்சென்று, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். சுடுபவன் விசையை மறுபடி இழுத்தால் போதும். இதன் ஊசிக்கு ஸ்பிரிங் கிடையாது; போல்ட்டின் துளைக்குள் தளர்வாக ஓடும். போல்ட்டு முன்வந்து திரும்பிப் பூட்டிக்கொண்டாலன்றி ஊசியின் வால் முன்னேற இடம் பெறாது. வெகு நேர்த்தியான ஏற்பாடு. ஆயினும் துருவோ அழுக்கோ சேர்ந்து, ஊசி முனை வெளியே நீட்டியபடி சிக்கிக்கொண்டால், பூட்டு விழுமுன்னரே வெடிக்கக்கூடும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் மலாயாக் காட்டில் எண்ணெயும் கந்தைத் துணியும் தோட்டாவைப் போலவே தேவைப்பட்டதற்கு இதுவே காரணம்.

இக்கார்பைன்கள் அறுபது லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. செய்தவர் யார்? துப்பாக்கிக் கம்பெனி வின்செஸ்டர் ஒன்றே. மற்றவர்களுள் இசைப்பெட்டி செய்த ராக்-ஓலா உண்டு. கணக்கு இயந்திரம் செய்த ஐ.பி.எம். உண்டு, அண்டர்வுட் கம்பெனியும் உண்டு. அண்டர்வுட் என்றால் கிராணிமாருக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் முன்னோர் கடிதம் தட்டிய தட்டச்சுப்பொறியின் பெயர் அது. அக்கம்பெனி ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கார்பைன்களைச் செய்தது. ஒருவர் செய்த போல்ட்டு மற்றவர் செய்த உடலில் பொருந்தவேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே ஒரு கம்பெனியின் குழல், இன்னொன்றின் போல்ட்டு, மூன்றாவதன் ஊசி என்று ஒரே துப்பாக்கியில் கூடின. சாதகம் ஒழிந்து கலப்பு மணம் வந்தது. வெடிப்பதில் குறையொன்றும் காணோம்.

இனிப் பேராக்குக்கு வருவோம். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் பெரும்போர் நடந்தது. பின்வாங்கிய படை கைவிட்ட துப்பாக்கிகளை ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் பொறுக்கிக் காட்டுக்குள் கொண்டுபோயினர். 1943இன் இறுதியில் பீடோரை அடுத்த பிளாந்தான் முகாமில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அவர்களோடு உடன்படிக்கை செய்தார்கள். 1945இல் விமானங்கள் கொட்டிய ஆயுதங்களுள் கார்பைன்களும் இருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் படை கலைந்தபோது ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. ஒரு பகுதி காட்டில் புதைந்தது.

1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்துத் துரை வாக்கரும், பின் சூன் தோட்டத்து அல்லிசன், கிறிஸ்டியன் ஆகிய இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. தோட்டங்களைக் காக்க அமர்த்தப்பட்ட விசேஷக் காவலருள் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். அவர்கள் முதலில் லீ-என்பீல்டையும், பின்னர் கார்பைனையும் ஏந்தினர். கம்பிவேலிக்கு உள்ளும் புறமும் ஒரே வகை ஆயுதம்! இங்கேதான் கலப்பு மணத்தின் மறுபக்கம் புலப்படும். காட்டில் வீழ்ந்த கார்பைனின் ஊசி காவலனுடையதில் பொருந்தும். காவலனிடம் பறித்த போல்ட்டு காட்டாளனுடையதை உயிர்ப்பிக்கும். போல்ட்டைப் பூட்டி வைத்துத் துப்பாக்கியைச் சாகடிக்கும் பழைய தந்திரம் இதனிடம் பாதியே பலித்தது.

இயந்திரத்தால் அடைக்க முடியாத வாயிலைச் சட்டம் அடைத்தது. அவசரகால விதிகளின்படி, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை. மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த தோழர் எஸ். ஏ. கணபதி, தஞ்சை நாட்டிலிருந்து வந்த தமிழர். அவர் மீது சுமத்தப்பட்டது யாரையும் சுட்டார் என்ற குற்றமன்று. கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே. இந்திய அரசு பரிந்து பேசியும் பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அவசரகாலம் முடிந்த ஆண்டிலேயே இயற்றப்பட்ட 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், முழுத் துப்பாக்கியோடு நிற்கவில்லை. அதன் உறுப்பையும் ஆயுதமென்றே வரையறுத்தது. போல்ட்டு ஓரிடத்திலும் ஊசி ஓரிடத்திலும் கிடந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவை இரண்டும் தனித்தனியே ஆயுதந்தான்.