உப்பின கண்டென்சரும் ஒரு பழைய பழியும்

போன வாரம் பரண் சுத்தம் பண்ணப்போ என்னோட முதல் கம்ப்யூட்டரோட மதர்போர்டு கையில கிடைச்சுது. பழைய சாமான்காரருக்குப் போட மனசு வரலை. அதுக்குப் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்கு. அதுல நான் ஒருத்தர் மேல அநியாயமா பழி போட்ட கதையும் இருக்கு.

2003. மூலக்குளத்துல எங்க வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர். இதுல ஒரு வேடிக்கை பாருங்க. இந்தியாவுல கம்ப்யூட்டர் தயாரிச்ச ஊர்கள்ல பாண்டி முக்கியமான ஒண்ணு. வரிச்சலுகை கிடைச்சதால ஹெச்.சி.எல்., விப்ரோ, ஐ.பி.எம்., ஏசர்னு பெரிய கம்பெனிங்க எல்லாம் இங்க ஃபேக்டரி வச்சிருந்தாங்க. (ஐ.பி.எம்.மோட பி.சி. தொழில் 2005ல லெனோவோ கைக்குப் போச்சு. ஹெச்.சி.எல்.லும் விப்ரோவும் 2013ல பி.சி. செய்யறதையே விட்டுட்டாங்க.) அப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு, கம்பெனி மிஷின் விலை கட்டுப்படியாகாம, தெரிஞ்ச தம்பி ஒருத்தர்கிட்ட அசெம்பிள் பண்ணச் சொல்லிப் பணம் கொடுத்தேன். அவர் பஸ் ஏறி மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் பாகம் பாகமா வாங்கி வந்து, எங்க வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தார்.

ரெண்டு வருஷம் ராஜா மாதிரி ஓடிச்சு. 2005 சித்திரை வெயில்ல ஆரம்பிச்சுது வினை. டைப் பண்ணிக்கிட்டே இருப்பேன், பொசுக்குன்னு அணைஞ்சு தானா ரீஸ்டார்ட் ஆகும். ஒரு நாள் பத்து தடவை, அடுத்த நாள் ஒண்ணுமே இல்லை. காரணமும் கிடையாது, நேரங்காலமும் கிடையாது.

விண்டோஸ் எக்ஸ்பியில ஒரு பழக்கம் உண்டு. கோளாறு வந்தா நீலத்திரையைக் கண்ணுல காட்டாம உடனே ரீஸ்டார்ட் ஆயிடும். அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டதும் நீலத்திரை நின்னுச்சு. அதுல ஒவ்வொரு தடவையும் வேற வேற எண். இது நல்ல துப்பு. எப்பவும் ஒரே எண் வந்தா பெரும்பாலும் ஏதோ டிரைவர் கோளாறு. ஆளுக்கொரு எண் வந்தா ராம், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டுன்னு ஹார்டுவேரைத்தான் சந்தேகப்படணும்.

எனக்கு அப்ப அது தெரியலை. மூணு தடவை ஃபார்மேட் பண்ணினேன். வைரஸ்னு நினைச்சேன். அப்புறம் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, "பழைய ராமை மாட்டி என் தலையில கட்டிட்டியா?"ன்னு கேட்டேன். மனுஷன் ஒண்ணும் பேசலை. தன் கைக்காசுல புது ராம் வாங்கிப் போட்டார். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டோம், ஒரு தப்பும் காட்டலை. மறுநாள் மதியம் திரும்பவும் பொசுக். அதோட அவரைக் கூப்பிடறதையே நிறுத்திட்டேன்.

கடைசியில கண்டுபிடிச்சது டிவி மெக்கானிக். தெருமுனைக் கடையில போர்டைக் காட்டினதும், பிராசஸர் பக்கத்துல வரிசையா நிக்கற குட்டி டப்பாக்களைத் தொட்டு, "சார், கண்டென்சர் உப்பிக்கிச்சு பாருங்க"ன்னார். தலை தட்டையா இருக்கணும். ஆறு ஏழு தலை பூரி மாதிரி உப்பி, ஒண்ணு ரெண்டுல பழுப்பா ஏதோ கசிஞ்சிருந்துச்சு. மைக்ரோஃபாரட், வோல்ட் பார்த்து, 105 டிகிரி தாங்கற புதுசு போட்டு சால்டர் பண்ணினார். அப்புறம் மூணு வருஷம் ஒரு தடவைகூட விழலை.

அந்த டப்பா என்ன பண்ணுதுன்னா, பிராசஸருக்குப் போற மின்சாரத்தை ஏத்த இறக்கம் இல்லாம சீராக்கும். கிட்டத்தட்ட மேல்நிலைத் தொட்டி மாதிரி. உள்ளே அலுமினியத் தகடும், ஒரு மின்பகு திரவமும். திரவத்துல சேர்மானம் சரியில்லைன்னா அலுமினியத்தோட வினை புரிஞ்சு ஹைட்ரஜன் வாயு உண்டாகும். டப்பா உப்பும், வெடிக்கும். அதுக்கு முன்னாடியே வேலையில சுணங்கிடும். பிராசஸர் கொஞ்சம் அதிகமா மின்சாரம் கேக்கற நொடியில வோல்டேஜ் தடுமாறி கம்ப்யூட்டர் விழுந்துடும். வெயில் ஏற ஏற இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சித்திரையில ஆரம்பிச்சதோட ரகசியம் இதுதான்.

இது என் வீட்டு சமாச்சாரம் மட்டும் இல்லைன்னு பிற்பாடு படிச்சப்போதான் தெரிஞ்சுது. 1999ல இருந்து 2007 வாக்குல வரை உலகம் பூரா நடந்த கூத்து இது. 'கெபாசிட்டர் பிளேக்'னே பேர் வச்சுட்டாங்க. தைவான்ல செஞ்ச கண்டென்சர்கள் சிலதுல திரவத்தோட சேர்மானம் அரைகுறை. ஜப்பான் கம்பெனி ஒண்ணோட ஃபார்முலாவைத் திருடினவங்க பாதியைத்தான் திருடினாங்கன்னு அப்ப பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. அது முழுசா நிரூபணம் ஆகலை.

பெரிய கம்பெனிகளும் தப்பலை. டெல் கம்பெனி 2005ல இதுக்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்துச்சு. கோர்ட் ஆவணங்களை வச்சு 2010ல நியூயார்க் டைம்ஸ் எழுதினது இன்னும் சுவாரஸ்யம். 2003 மே முதல் 2005 ஜூலை வரை அனுப்பின குறைஞ்சது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு இந்த ஆபத்து இருந்துச்சாம். டெக்சாஸ் பல்கலைக்கழக கணிதத்துறையில மிஷின்கள் விழுந்தப்போ கம்பெனி சொன்ன காரணம் என்ன தெரியுமா? நீங்க ரொம்பக் கஷ்டமான கணக்கைப் போட்டீங்க! :-)

அதைப் படிச்சு சிரிச்சேன். உடனே சிரிப்பு நின்னுடுச்சு. கம்பெனி வாங்கினவன் மேல பழி போட்டுச்சு. நான் அசெம்பிள் பண்ணவர் மேல போட்டேன். ரெண்டு பேருமே அந்தச் சின்ன டப்பாவோட தலையைப் பார்க்கலை.

அந்தத் தம்பியை ரொம்ப நாள் கழிச்சு வில்லியனூர் ரோட்டுல பார்த்தேன். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், அந்த வருஷம் இன்னும் நாலு பேர் இதே மாதிரி என்னைத் திட்டினாங்க. நாலு பேருக்கும் ராம் வாங்கிக் கொடுத்தேன்"னார். அப்புறம் அந்தத் தொழிலையே விட்டுட்டாராம். ராமுக்கான காசை நீட்டினேன், வாங்கிக்கலை.

இப்ப வர்ற மதர்போர்டுகள்ல பெரும்பாலும் திரவம் இல்லாத கண்டென்சர்தான், உப்பற பேச்சே குறைவு. எஸ்.எம்.பி.எஸ்.க்குள்ள மட்டும் பழைய வகை இன்னும் இருக்கு. உங்க வீட்டு மிஷின் காரணமில்லாம விழுந்தா, யாரையும் திட்டறதுக்கு முன்னாடி மெயின் ஸ்விட்ச்சை அணைச்சு, பக்கவாட்டு மூடியைக் கழட்டி, டார்ச் அடிச்சுப் பாருங்க. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் நீங்களே திறக்காதீங்க, அணைச்ச பிறகும் ஷாக் அடிக்கும்.

மதர்போர்டு திரும்பவும் பரணுக்கே போயிடுச்சு.